தொங்கானில் ஆறு பேர்

முதல் ஞாயிறு எங்களுக்கு உட்கார இடமே கிடைக்கவில்லை. தேக்கா உணவங்காடியில், அதுவும் ஞாயிறு மதியம், ஆறு பேருக்கு ஒரே மேசை கிடைக்கும் என்று நினைத்ததே தப்பு. ஆளுக்கொரு தட்டுடன் மூன்று மேசைகளில் பிரிந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு பஃபலோ ரோட்டுப் பக்கம் ஒரு வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசை ஒன்று காலியாக இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். சதுரங்கக் கட்டம் போட்ட மேசை. அதன்மேல் ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் பரப்பினோம். ஐந்து பிரதிகள், மூன்று பதிப்புகள். ஒருவர் 40ஆம் பக்கம் என்றால் இன்னொருவர் 52ஐத் தேடவேண்டும். முதல் கால் மணி நேரம் பக்கம் பொருத்துவதிலேயே போனது.

ஆறு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் அக்கா ஒருவர். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐடியில் வேலை பார்க்கும் கணவன் மனைவி. துறைமுகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற அங்கிள், வயது எழுபத்து நாலு. சிவகங்கை மாவட்டத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த தம்பி, வயது இருபத்தைந்து. அப்புறம் நான். இங்கேயே பிறந்து, இங்கேயே பொறியியல் படித்து, ரயில் சுரங்கப்பாதை வேலையில் இருப்பவன். தம்பியின் ஓய்வு நாள் ஞாயிறு மட்டும்தான், அதனால்தான் ஞாயிறு. மற்ற நாள் வைத்திருந்தால் மேசையும் கிடைத்திருக்கும், கூட்டமும் இருந்திருக்காது.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938இல் பதினெட்டு வயதில் சுமத்ராவின் மேடானுக்குக் கடை வேலைக்குப் போனார். போரையும் ஜப்பானிய ஆட்சியையும் அங்கிருந்தே பார்த்தார். 1946இல் ஊர் திரும்பி மதுரையில் நாளிதழ் வேலையில் சேர்ந்தார். எழுதியது இரண்டே நாவல்கள். முதலாவது 'கடலுக்கு அப்பால்'. இரண்டாவதான இது எழுதிப் பல ஆண்டுகள் கழித்து 1972இல்தான் புத்தகமானது. அப்போதும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. சி.மோகன் போன்றவர்கள் பிற்பாடு எடுத்துச் சொல்லித்தான் பேச்சு ஆரம்பித்தது.

மேடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதில் கதை தொடங்குகிறது. யார் பேசுகிறார்கள், எந்த ஊர், எந்தக் காலம் என்று சிங்காரம் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். பாண்டியன் மேடான் தெருவில் நடந்துகொண்டே இருப்பான், அடுத்த வரியில் சின்னமங்கலம் சந்தையில் இருப்பான், அதற்கடுத்த வரியில் மதுரை. இடையில் பழந்தமிழ்ப் பாட்டின் நடையில் ஒரு கிண்டல் வரும். அது கிண்டல் என்று தெரியவே மூலத்தைப் படித்திருக்க வேண்டும். மலாய் வரும், டச்சு வரும், வட்டிக்கடைப் பேச்சு வரும். அடிக்குறிப்பெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். முதல் கூட்டத்துக்கு நான் முப்பது பக்கம்கூடப் படித்துவிட்டு வரவில்லை. நாவலைப் பற்றி இணையத்தில் கிடைத்த கட்டுரைகளைத்தான் படித்திருந்தேன். நனவோடை, நவீனத்துவம், 1922இல் வந்த 'யுலிசிஸ்' என்று பத்து நிமிடம் பேசினேன். அக்கா தலையாட்டினார். கோவைக்காரர் "செமயா சொன்னீங்க" என்றார். தம்பி மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இதுல அடுத்தாள்னு வருதுல்ல, அவருக்கு என்ன சம்பளம் இருக்கும்?" என்றான்.

எனக்கு அடுத்தாள் என்றால் யார் என்றே தெரியாது. பக்கத்தில் நிற்கும் ஆள் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

அங்கிள்தான் காப்பாற்றினார். வட்டிக்கடையில் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். முதலாளி ஊரில் இருப்பார். இங்கே நம் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், அவர் காலத்துப் பெயரில் செட்டித் தெருவில், கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரே கூடத்தில் பல கடைகள், ஆளுக்கொரு பாய், ஒரு சாய்வுப் பெட்டி. பத்து வயதில் அப்பாவோடு கடன் கேட்கப் போனதை அவர் சொன்னார். அப்பா செருப்பை வெளியே விட்டதும், போன குரல் ஒன்றும் கடன் கேட்ட குரல் வேறொன்றுமாக இருந்ததும் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கட்டடங்களை 1970களின் இறுதியில் இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் வங்கிக் கோபுரங்கள். வட்டி மட்டும் இடம் மாறவில்லை.

கடையாட்கள் மூன்று வருடக் கணக்குக்கு வருவார்களாம். அந்த மூன்று வருடத்துக்கும் சேர்த்துச் சம்பளம் பேசி, ஒரு பகுதியை முன்பணமாக வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பலேறுவார்கள். தம்பி சிரித்தான். "அவங்க வாங்கிட்டு ஏறியிருக்காங்க. நாங்க ஏஜெண்டுக்குக் குடுத்துட்டு ஏறுறோம்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும்தான்.

இரண்டாவது கூட்டத்திலிருந்து சத்தமாகப் படிப்பது என்று முடிவானது. என் யோசனை இல்லை. பள்ளியில் உயர்தமிழில் நல்ல தரம் வாங்கியவன் நான், ஆனால் அது கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கும் தமிழ். பத்து வருடமாக ஒரு முழுப் பக்கத்தைக்கூட வாய்விட்டுப் படித்ததில்லை. என் முறை வந்தபோது நீளமான சொற்களில் லாரி மேட்டில் ஏறுவது மாதிரி திணறினேன். ளகரமும் ழகரமும் இடம் மாறின. கோவைக்காரரின் மனைவி வாயை மூடிச் சிரித்ததைப் பார்த்தேன். காது சுட்டது. அன்று எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது அடுத்த கூட்டத்துக்கு என்ன காரணம் சொல்லி வராமலிருப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

என்னை நிறுத்தி வைத்தது மலாய்தான். 'தொங்கான்' என்ற சொல்லில் மற்ற மூவரும் தடுக்கி நின்றபோது எனக்கும் அங்கிளுக்கும் அது வீட்டுச் சொல். சரக்கேற்றும் மரக்கலம். சிங்கப்பூர் ஆறு முழுக்க அவை நெருக்கியடித்துக் கிடந்ததை அங்கிள் பார்த்திருக்கிறார். ஆற்றைச் சுத்தம் செய்யும் திட்டத்தில் 1983இல் அவற்றைப் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிவிட்டார்கள். தவுக்கே, துவான் எல்லாம் எனக்கு அகராதி இல்லாமல் புரிந்தன. வட்டிக்கடைச் சொற்கள் அங்கிளுக்கு. பழந்தமிழ்க் கிண்டல்கள் அக்காவுக்கு. சந்தை, மாட்டுத்தரகு, ஊர்ப் பெயர்களெல்லாம் தம்பிக்கு. அவன் வீட்டிலிருந்து சிங்கம்புணரி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். 'ஸ்ட்ராட்' டச்சு மொழியில் தெரு, 'கெர்க்' தேவாலயம் என்று கைப்பேசியில் பார்த்துச் சொன்னது கோவைக்காரர். எங்கள் ஆறு பேரில் எவருக்கும் தனியாக அந்த நாவல் முழுதாகப் புரிந்திருக்காது.

இருந்தாலும் பொறியாளர் புத்தி போகுமா? எக்செல் கோப்பு ஒன்று ஆரம்பித்தேன். சொல், மொழி, பொருள், யார் சொன்னது. நானூறு வரிசை தாண்டியது. புயல் பகுதி வந்ததும் அதை மூடிவைத்தேன். பாண்டியன் மேடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கானில் கடல் கடக்கும் பகுதி அது. வாக்கியங்கள் உடைகின்றன, சொல் சத்தமாகிறது. கோவைக்காரரின் மனைவி படித்தார். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கீழ்த்தளத்தில் குப்பை அள்ளிக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரர்கூடத் துடைப்பத்தோடு கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார். முடிந்ததும் யாரும் கருத்து சொல்லவில்லை. தே குடிக்கப் போனோம்.

கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் ஒரு குழு ஜாய்ஸின் 'ஃபினெகன்ஸ் வேக்'கை 1995இல் ஆரம்பித்து 2023இல் முடித்ததாம், இருபத்தெட்டு வருடம். முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கே போய்விட்டார்கள். இதைச் சொன்னபோது அங்கிள், "அவங்களுக்கு வயசாகாதா?" என்றார்.

எங்களுக்குள் வந்த ஒரே உண்மையான சண்டை, பாண்டியனும் நண்பர்களும் குடித்துக்கொண்டு தமிழ்ப் பெருமையைக் கிழிக்கும் இடத்தில் வந்தது. கோவைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். அக்கா புத்தகத்தை மூடினார். "இத நான் எம் பிள்ளைங்ககிட்ட குடுக்க முடியுமா?" என்றார். இலக்கியம் அப்படித்தான் இருக்கும் அக்கா, என்று நான் ஏதோ சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் கோவைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க ஊர்ல எட்டுக் கோடிப் பேருக்கு நடுவுல இருந்து வந்தவங்க. கிண்டல் பண்ண வசதியிருக்கு. எங்களுக்கு இருக்கறதே கொஞ்சம். வீட்ல இங்கிலீஷ் பேசற பிள்ளைய உக்கார வச்சு அ, ஆ சொல்லிக்குடுத்துப் பாருங்க, அப்பறம் சிரிங்க."

அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி என்று இன்றும் நினைக்கிறேன். மீதிப் பாதிக்குச் சிங்காரமே சாட்சி. அவரும் வெளியே இருந்து, சிறுபான்மையாக இருந்து பார்த்தவர்தான். பெருமை சோறு போடாத இடத்தில் நின்றுகொண்டு கிண்டல் செய்தவர். ஆனால் இதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்தபோது அவர் அந்தப் பகுதியில் எந்தக் கிண்டல் எந்தப் பாட்டிலிருந்து வருகிறது என்று நான்கு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கோபமும் தீரவில்லை. "நல்லாத்தான் படிச்சிருக்கான் மனுசன்" என்றார், திட்டுகிற தொனியில்.

எனக்கும் குறைகள் உண்டு. நடுவில் வரும் ஒற்று வேலைகள், துப்பாக்கிச் சாகசங்கள் எம்ஜிஆர் படம் மாதிரி இருக்கின்றன. பாண்டியனுக்கு எல்லாம் கைகூடுகிறது. பெண்களோ பெரும்பாலும் அவன் போய்வரும் இடங்களாக மட்டும் இருக்கிறார்கள். இதை முதலில் சொன்னது கோவைக்காரரின் மனைவி. நாங்கள் நான்கு ஆண்களும் அவர் சொல்லும்வரை கவனிக்கவே இல்லை.

இந்திய தேசிய ராணுவம் வரும் அத்தியாயங்களின்போது ஒரு ஞாயிறு புத்தகத்தை மூடிவிட்டு நடந்தோம். சிலிகி ரோடு வழியாக டோபி காட்டில் இருக்கும் கேத்தே கட்டடம். 1943 அக்டோபர் 21 அன்று சுபாஷ் சந்திர போஸ் தற்காலிக அரசை அறிவித்த இடம். எனக்கு அது பள்ளி நாட்களில் படம் பார்த்த இடம் மட்டும்தான். அங்கிருந்து எஸ்பிளனேட் பூங்கா. ராணுவத்தில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னத்துக்கு 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ்காரர்கள் அதைத் தகர்த்துவிட்டார்கள். 1995இல் வைத்த அடையாளப் பலகைதான் இப்போது இருக்கிறது. திறந்த புத்தக வடிவம். சற்றுத் தள்ளி முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவுத்தூண் முழுசாக நிற்கிறது. தம்பி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வேலை செய்கிறவன் கண்ணோடு, "இது எத்தன நாள் வேல இருக்கும் சார்?" என்று தூணைக் காட்டிக் கேட்டான். ஒரு மாதிரிக் கணக்குச் சொன்னேன். இல்லை, கல்லெல்லாம் கையால் செதுக்கியது, அதைவிடக் கூடுதல் என்றான். ஒத்துக்கொண்டேன். எங்கள் தளத்தில் இவனைப் போன்றவர்களோடு நான் தினமும் தமிழில்தான் பேசுகிறேன். பாதுகாப்பு அங்கி, படிவம், நேரம், அவ்வளவுதான். ஐந்து வருடத்தில் ஒருவரிடமும் என்ன படிக்கிறாய் என்று கேட்டதில்லை.

கடைசி அறுபது பக்கம் மிச்சம் இருந்தபோது அவன் வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. திட்டம் முடிந்துவிட்டதாம். மூன்று நாள் முன்பாகத்தான் நிறுவனத்தில் சொன்னார்கள். புதன் இரவு குழுவில் குரல் பதிவு போட்டான். சனிக்கிழமை விமானம். வெள்ளி இரவு தேக்காவில் ஆறு பேரும் சந்தித்தோம். அன்று மேசை சுலபமாகக் கிடைத்தது. நாவலைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்கா அவன் அம்மாவுக்குச் சேலை வாங்கிவந்திருந்தார். அங்கிள் தைலப் புட்டி நான்கு. நான் என்ன வாங்குவது என்று தெரியாமல் என் பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நூலகப் பிரதியை வைத்துத்தான் அவன் அதுவரை படித்துக்கொண்டிருந்தான்.

பாண்டியன் ஊர் திரும்புவதில்லை. அந்தக் கடைசிப் பகுதியை அடுத்த ஞாயிறு ஐந்து பேர் கல் மேசையில் உட்கார்ந்து படித்தோம், கைப்பேசியை நடுவில் வைத்து அவனையும் அழைத்து. அங்கே மணி பன்னிரண்டரை, இங்கே மூன்று. பின்னணியில் மிக்சி ஓடியது, யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கடைசி இரண்டு பக்கம் என் முறை. இரண்டு இடத்தில் தடுக்கினேன். யாரும் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை.

முடித்ததும், அவனுக்கு முடிவு தெரியாமல் இருந்ததே, ஊரில் போய் இறங்கிய வாரத்தில் இதைக் கேட்கவைத்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அதைச் சொன்னேன்.

"இல்ல சார், நான் மொத மாசமே படிச்சு முடிச்சுட்டேன்" என்றான். "ரெண்டு தடவ. நீங்கள்லாம் என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான் வந்துக்கிட்டிருந்தேன்."

சார் என்று கூப்பிடாதே என்று அன்றும் சொன்னேன். சரிங்க சார் என்றான். மிக்சி நின்றது. சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அடுத்த புத்தகம் என்னவென்று குழுவில் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். இன்னும் முடிவாகவில்லை. அக்கா ஒன்று சொல்கிறார், அங்கிள் வேறொன்று. ஞாயிறு கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றலாமா என்று கோவைக்காரர் கேட்டார். அதற்கும் யாரும் பதில் போடவில்லை.