கதவைத் தட்டிக் கேட்டாய்

சென்னை மாநகராட்சியே, சொத்து வரி ரசீதைத் தவிர நமக்குள் கடிதப் போக்குவரத்து என்று ஒன்றும் இருந்ததில்லை. 1688-இல் பிறந்த உனக்குப் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்து ஒன்றிலிருந்து வரும் நன்றிக் கடிதம் புதிதாகக்கூட இருக்கும். 2020-இன் பாக்கி ஒன்று என்னிடம் தீராமல் கிடக்கிறது, அதற்காகத்தான்.

மாநகராட்சியே, முதல் கடன் ஒரு கேள்விக்கு. “யாருக்காவது ஜுரம், இருமல், சளி இருக்காக்கா?” கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா தொற்று நகரெங்கும் போய், எங்கள் ராயபுரம் மண்டலம் என்றாலே சொந்தக்காரர்கள் பேச்சைச் சுருக்கிக்கொண்ட மே, ஜூன் மாதங்கள். எங்கள் கிரில் கதவுக்கு வெளியே நின்று தினமும் அதைக் கேட்டவள் நீ அனுப்பிய பெண். கையில் வெப்பமானி, அக்குளில் கோடு போட்ட நோட்டு, மாஸ்க்குக்கு மேலே துப்பட்டா. அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு என்று அந்த நோட்டில் ஏறிய பிறகு, “மாத்திரை கையில இருக்காம்மா?” என்று தனியாக விசாரிப்பாள். ஒருநாள் அம்மா, “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். கூடவே இருந்த எனக்கு அது உறைக்கவில்லை. அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டு, “முகாமுக்குக் கூட்டிட்டு வாங்கக்கா, இப்பவே” என்றாள்.

மாநகராட்சியே, அந்தக் காய்ச்சல் முகாமை எப்படி மறப்பேன்? பிள்ளையார் கோயிலை ஒட்டி ஒரு ஷாமியானா, ஒரு மேஜை, தள்ளித் தள்ளிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆஸ்பத்திரி என்றதும் ஜுரத்தை ஒளித்தவர்கள்கூடத் தெருமுனை என்பதால் வந்து உட்கார்ந்தார்கள். அம்மாவின் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு 91 என்று காட்டியது. டாக்டர் அவள் விரலைத் தேய்த்துச் சூடாக்கி, அடுத்த விரலில் மாட்டினார். அப்போதும் 91. சளி மாதிரி எடுத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, அது வரும்வரை அம்மாவோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அம்மா பிழைத்து வந்தாள். மற்றவர்களுக்கு ஜிங்க், வைட்டமின் சி மாத்திரைகளோடு கபசுரக் குடிநீரும் தந்தாய். அந்தக் கசப்புக்கு மட்டும் நன்றி சொல்ல மாட்டேன்.

மாநகராட்சியே, எங்கள் வாசலில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஒட்டியதும் தெரு ஒதுங்கிப் போனது. கூடவே, கடைகண்ணிக்குப் போய்வர ‘ஃபோகஸ்’ திட்டத் தன்னார்வலர் ஒருவனையும் அனுப்பினாய். கல்லூரிப் பையன். பால், மாத்திரையெல்லாம் சொல்லிவிட்டேன், நாப்கின் வேண்டும் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. “மெடிக்கல் ஷாப்ல குடுக்க ஒரு சீட்டு எழுதித் தரேன் தம்பி” என்றேன். “சும்மா சொல்லுங்கக்கா, எங்க அக்காவுக்கும் நான்தான் வாங்குவேன்” என்றான்.

மாநகராட்சியே, பக்கத்து வீட்டு அண்ணனின் கடனும் இதில் சேர்த்தி. மூட்டை தூக்குகிறவர், அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியைக் காசு கொடுத்தே சாப்பிட்டவர். ஜூன் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கில் அங்கே சாப்பாடு இலவசம் என்றானபோது, வேலையற்றுப் போன அந்த மனுஷருக்கு வரிசையில் நிற்கக் கூச்சம். பரிமாறிய மகளிர் குழு அம்மா, “எல்லாருக்குந்தான் ஃப்ரீ, தட்டை நீட்டுப்பா” என்று அதட்டினார். அந்த அதட்டல் இல்லாவிட்டால் அவர் பட்டினிதான் கிடந்திருப்பார்.

மாநகராட்சியே, அப்போது உனக்குக் கவுன்சிலர்களே இல்லை. 2016 அக்டோபரில் கலைந்த மன்றம் 2022-இல்தான் மறுபடி கூடியது. அது பெருமைப்படும்படியான காரியமில்லை. ஆனால் எங்கள் சந்தில் உன் முகமாக வந்தது அந்த நோட்டுக்காரப் பெண்ணும், பிளீச்சிங் பவுடர் வாளியோடு வந்த தூய்மைப் பணியாளர்களும்தான். என் நன்றி உன் படிக்கட்டின் கீழ்ப்படிக்கே முதலில் போய்ச் சேரட்டும்.

மாநகராட்சியே, இப்போதும் மழைக்காலத்தில் கொசுப்புழு பார்க்க ஆள் அனுப்புகிறாய். “எங்க வீட்ல தண்ணியே நிக்காது” என்று வாசலோடு திருப்பி அனுப்புகிற வீடுகள் எங்கள் சந்தில் நிறைய. என் வீட்டுக்கு வரச் சொல். மாடித் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் பார்க்கட்டும். நாயைக் கட்டிவைக்கிறேன்.