ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு பாய்மரப் படகு

குன்னூரில் பெட்போர்டு பக்கம் கடை வாசல்களில் ஒட்டியிருக்கும் காகிதங்களைப் படித்துக்கொண்டே நடப்பது நல்ல பொழுதுபோக்கு. நாலு கை மாறிய ஜீப், பங்களாவைக் காலி செய்கிறவரின் தேக்கு பீரோ, யாரும் வாசிக்காத பியானோ, உயர் ஜாதி நாய்க்குட்டி எல்லாம் விலைக்கு வரும். படகு மட்டும் வராது. நீலகிரியில் படகு என்றால் ஊட்டி ஏரிதான். ஸல்லிவன் துரை 1823-ல் ஆரம்பித்து 1825-ல் முடித்த அந்த ஏரியில், புது மாப்பிள்ளைகள் மனைவிக்கு முன்னால் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு போகும் படகுகளை விலைக்கு வாங்க யாரும் ஆசைப்படுவதில்லை.

ஆனால் என் சித்தப்பா ஆசைப்பட்டுவிட்டார். ஏரிப் படகுக்கு அல்ல, கடலில் போகிற பாய்மரப் படகுக்கு.

"உங்க சித்தப்பா படகு வாங்கப் போறாராம். பழைய படகு. தனியா ஓட்டுறதுக்குத் தோதானதாம். நீ பத்திரிகையிலே இருக்கிறவன், நாலு விஷயம் தெரிஞ்சவன். வந்து புத்தி சொல்லுப்பா" என்று சித்தி போனில் சொன்னாள். "தனியா" என்ற வார்த்தை வந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

சித்தப்பா கடற்படையில் முப்பது வருஷம் இருந்தவர். வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குக் கடைசியாக மாற்றலாகி வந்தார். ஊர் பிடித்துப்போய், ஓய்வு பெற்றதும் குன்னூரிலேயே வீடு பார்த்துக்கொண்டார். கடலில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர் ஆறாயிரம் அடி உயரத்தில் காரட்டும் பீட்ரூட்டும் பயிரிடுவதைப் பார்த்து எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சிரிப்பதுண்டு. இப்போது வயது அறுபத்து நாலு.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினேன். கல்லாறு தாண்டியதும் பல் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அது ஏறுகிற வேகத்தில், என்ன புத்தி சொல்வது என்று யோசிக்கத் தாராளமாக நேரம் இருந்தது. குன்னூர் வந்தபோது பிரசங்கம் தயார்.

பிரசங்கத்துக்கு இடமே கிடைக்கவில்லை. சாப்பாட்டு மேஜை முழுவதும் படகின் படங்கள். கொச்சியில் போல்காட்டித் தீவு மரீனாவில் நிற்கிறதாம். முப்பத்தோரு அடி நீளம், கண்ணாடி இழையால் ஆன உடம்பு, நாற்பது வருஷத்துக்கு மேல் வயது. சொந்தக்காரருக்கு முழங்கால் வலி, அதனால் விற்கிறார். இந்த விவரம் சித்திக்கு மிகவும் உபயோகப்பட்டது. "பாத்தியா, அவருக்கே முடியலை!" என்றாள்.

"நாற்பது வருஷப் படகா, சித்தப்பா?" என்று கேட்டேன்.

"வயசு ஒரு குறையில்லேடா" என்று ஆரம்பித்தார். இந்த இடத்தில் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். "ஜோஷ்வா ஸ்லோகம்னு ஒருத்தர். உலகத்தை முதல் முதல்லே தனியாச் சுத்தி வந்தவர். அவர் படகு எப்படி வந்தது தெரியுமா? ஒரு சிநேகிதர் சும்மா கொடுத்தது. கரையிலே வயல்லே கிடந்து மக்கின சிப்பிப் படகு."

ஸ்லோகம் அந்த 'ஸ்ப்ரே' படகைப் பதின்மூன்று மாதம் உழைத்துப் பலகை பலகையாகப் புதுப்பித்தார். செலவு 553 டாலர் 62 சென்ட். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. 1898 ஜூனில் உலகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பினார்.

சித்தப்பா அடுத்த கதைக்குத் தாவினார். ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் எங்குமே நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவருடைய 'சுஹைலி' நம் பம்பாயில், நம் தேக்கில் கட்டிய படகு. நீளம் முப்பத்திரண்டே அடி. அதை விற்றுவிட்டுப் பெரிய எஃகுப் படகு கட்டத்தான் அவர் நினைத்தார். பணம் தேறவில்லை. சரி, இருப்பதில் போவோம் என்று 1968 ஜூன் 14-ந் தேதி பால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். பந்தயத்தில் ஒன்பது பேர். 312 நாள் கழித்துத் திரும்பி வந்து சேர்ந்தது சுஹைலி ஒன்றுதான். அந்தப் பந்தயத்தை ஐம்பது வருஷம் கழித்து 2018-ல் மறுபடி நடத்தியபோது, 1988-க்கு முன் வரைந்த பழைய மாதிரிப் படகுகள்தான் வரலாம் என்று விதியே போட்டார்களாம். "ஜெயிச்சவர் வயசு எழுபத்து மூணு!" என்று சித்தப்பா மேஜையைத் தட்டினார். வான் டென் ஹீட் என்ற பிரெஞ்சுக்காரர். விசாரித்தேன், உண்மைதான்.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கடற்படைக் கமாண்டர் திலீப் தோண்டே, கோவாவில் கட்டிய 'மாதேயி'யில் 2009 ஆகஸ்டில் மும்பையிலிருந்து புறப்பட்டு, நாலு துறைமுகங்களில் மட்டும் நின்று, 2010 மே மாதம் திரும்பினார். அதே படகில் அபிலாஷ் டாமி 2012 நவம்பரில் கிளம்பி, எங்கும் நிற்காமலே 2013 மார்ச் கடைசியில் வந்துவிட்டார். புதுச்சேரிப் பெண் ரூபா, கோழிக்கோட்டு தில்னா என்ற இரண்டு கடற்படை அதிகாரிகள் 'தாரிணி'யில் 2024 அக்டோபரில் போய் 2025 மே மாதம் ஊர் திரும்பினார்கள்.

"அவங்க ரெண்டு பேர்" என்றாள் சித்தி சமையலறையிலிருந்து.

சித்தப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அல்லது வாங்காத மாதிரி இருந்தார். ஒரு ஆள் எப்படி ஓட்டுவது என்று எனக்குப் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்தார்.

எல்லாப் படகும் ஒற்றை ஆளுக்குச் சரிப்படாதாம். கயிறுகள் எல்லாம் உட்காருகிற இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பாய்மரத்தடிக்கு ஓடக் கூடாது. முன்பாய், ஜன்னல் திரையைச் சுருட்டுவதுபோல் ஒரே கயிற்றை இழுத்தால் சுருண்டுகொள்ள வேண்டும். அடிக்கட்டை அணியத்திலிருந்து அமரம் வரை நீளமாக ஓடினால் படகு அலையாமல் நேராகப் போகும். எல்லாவற்றையும்விட முக்கியம், அமரத்தில் மாட்டியிருக்கும் ஒரு கருவி. காற்றுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் மெல்லிய பலகை அது. படகு திசை மாறினால் காற்று பலகையைச் சாய்க்கும். பலகை சாய்ந்தால் கீழே தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பு திரும்பும். ஓடும் தண்ணீர் அந்தத் துடுப்பைத் தள்ள, துடுப்பு கயிற்றை இழுக்க, கயிறு சுக்கானைத் திருப்ப, படகு பழைய திசைக்கு வந்துவிடும். மின்சாரம் வேண்டாம், சம்பளம் வேண்டாம், தூக்கம் வேண்டாம். இப்படி ஒரு உதவி ஆசிரியர் கிடைத்தால் எங்கள் ஆபீஸில் உடனே வேலை போட்டுக் கொடுப்பார்கள்.

"அப்போ நீங்க தூங்கலாமா?"

"இருபது நிமிஷம். அதுக்கு மேலே கூடாது. தொடுவானத்திலே தெரியற கப்பல் கால் மணி, இருபது நிமிஷத்துலே நம்ம மேலே வந்துடும். அலாரம் வெச்சு எழுந்து ஒரு சுத்துப் பாத்துட்டு, மறுபடி படுக்கணும்."

சித்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "ராத்திரி நீங்க கால் தவறி விழுந்துட்டா, அந்தப் பலகை படகைத் திருப்பிக்கிட்டு வருமா?"

சித்தப்பா பென்சிலைக் கீழே வைத்தார்.

நான் கொண்டுவந்த பிரசங்கத்தில் பணம், சுங்கத் தீர்வை, மாதா மாதம் மரீனா வாடகை, வருஷா வருஷம் கரையேற்றி அடியில் வண்ணம் பூசும் செலவு எல்லாம் இருந்தன. இந்தக் கேள்வி இல்லை.

"வராது. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்" என்றார் சித்தப்பா. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

சித்தி சும்மா பயந்துகொண்டிருக்கவில்லை, படித்திருந்தாள். ஸ்லோகம் கதையில் சித்தப்பா விட்டுவிட்ட கடைசி அத்தியாயத்தை அவளே சொன்னாள். உலகம் சுற்றி வந்த சுமார் பத்து வருஷம் கழித்து, அதே ஸ்ப்ரேயில் தனியாகக் கிளம்பிய மனிதரையும் படகையும் அப்புறம் யாருமே பார்க்கவில்லை. அபிலாஷ் டாமி 2018 செப்டம்பரில் இந்து மகா சமுத்திரத்தில் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்ததையும் சொன்னாள். மூன்றாவது நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து காப்பாற்றியது.

"அதே ஆள் 2023-ல் அதே பந்தயத்துலே ரெண்டாவதா வந்தாரே" என்றார் சித்தப்பா மெதுவாக.

"வந்தார். அவர் வீட்டிலே எத்தனை ராத்திரி தூங்கலையோ, அதைப் பேப்பர்லே போடலை."

நான் என்ன சொல்ல? பத்திரிகைக்காரனுக்கு இது சங்கடமான வாக்கியம். ஆனால் சித்தி சொன்னது நியாயம் என்றே எனக்குப் பட்டது. ஒற்றை ஆளாகக் கடல் போகிறவர்களைப் பற்றிய கதைகளில் வீட்டில் இருக்கும் இன்னொரு ஆளுக்கு அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை.

அன்று சாயங்காலம் பனி இறங்கியது. சித்தப்பா அலமாரியிலிருந்து ஒரு கச்சையை எடுத்து வந்தார். மார்பையும் தோளையும் சுற்றி இறுக்கும் பட்டை. அதிலிருந்து ஒரு வார், நுனியில் கொக்கி. படகின் இரண்டு பக்கமும் அணியத்திலிருந்து அமரம் வரை ஒரு பட்டை இழுத்துக் கட்டியிருக்கும். கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் மேல்தளத்தில் நடக்க வேண்டும். தண்ணீருக்குள் விழ விடாத அளவுக்கு வார் குட்டையாக இருப்பது உத்தமம். "விழுந்தப்புறம் ஏறுறது இல்லே கணக்கு, விழாம இருக்கிறதுதான் கணக்கு" என்றார். சித்தி அந்தக் கொக்கியை வாங்கி, மாட்டி, கழற்றி, வாரைப் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள். தைத்த இடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை இரண்டு பேருமாக ஒரு உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள். எந்த நேரத்தில் பேசினார்களோ, எனக்குத் தெரியாது. முதலில் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பரிசோதனை. சின்னச் சுத்தியலால் உடம்பு முழுக்கத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் வயது என்ன? பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தால் அத்தனையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். படகு தேறினால் முதல் வருஷம் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள், பகலில் மட்டும். கச்சையும் வாரும் புதிதாக வாங்குவது. தைத்த இடத்தில் ஒரு நூல் பிரிந்திருந்ததாம். சித்தி கண்ணில் பட்டதுதான்.

இவ்வளவும் சித்தியின் ஷரத்துகள். எல்லாவற்றுக்கும் சித்தப்பா கையெழுத்துப் போடாத குறையாகத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை கொச்சிக்குப் போகிறார்கள், இரண்டு பேருமாக. நான் ஊருக்குக் கிளம்பும்போது சித்தி பெட்டியில் சித்தப்பாவின் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"கொச்சிப் புழுக்கத்துலே ஸ்வெட்டர் எதுக்கு?" என்று சித்தப்பா சிரித்தார்.

"கடல்லே காத்து அடிக்காதா?" என்று கேட்டுவிட்டு, அவள் பெட்டியை மூடினாள்.