தாழ்ந்த வண்டி

பழைய கார் ஒன்றை வாங்கியபோது அதன் உயரம் என் கண்ணை உறுத்தியது. ஹைதராபாத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்றை வெட்டச் சொன்னேன். வண்டி அழகாகத் தாழ்ந்தது.

அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பா வந்தார். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஒவ்வொரு வேகத்தடையிலும் கதவின் மேற்பிடியை இறுகப் பற்றினார், ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும் நாளன்று, “ஸ்டேஷனுக்கு நான் பஸ்ஸிலேயே போய்க்கிறேம்ப்பா” என்றார்.

அதன் பிறகே படித்தறிந்தேன். சுற்று குறைந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும். சக்கரம் மேலெழுவதற்கான இடமும் சுருங்குவதால், அடி நேரே ரப்பர் தடுப்பில் விழும். பழைய ஷாக் அப்சார்பர் புதிய விறைப்புக்கு ஈடுகொடுக்காது. தாழ்த்தியும் சொகுசு கெடாதிருக்க வேண்டுமெனில், 25 அல்லது 30 மில்லிமீட்டரோடு நிறுத்தி, அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் அதற்கு இணையான ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே பொருத்த வேண்டும். நம் நாட்டில் விதிப்படி அமைத்த வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். என் தெருவில் உள்ளதோ அதனினும் செங்குத்தானது.

பழைய அளவு ஸ்பிரிங்குகளையே மீண்டும் மாட்டிவிட்டேன். தீபாவளிக்கு அப்பாவை வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷனுக்கு வண்டியோடு வருவேன் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.