அம்மாவின் காந்தல்

நேயர்களே, உங்களில் யாராவது ஸ்பெயின் தேசத்துக்குப் பிரயாணம் போனால், பகல் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு விடுதியைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அங்கே மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் களை கட்டும். இந்த விஷயம் தெரியாமல், சாத்திய கதவைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் பசியோடு நின்றவன் நான்.

வலென்ஸியா நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல் வயல்கள். அங்குள்ள எல் பால்மர் என்ற சிறு கிராமத்தில்தான் நின்றேன். முன்பு மீனவர் கிராமம். இன்று தெருவெல்லாம் சாப்பாட்டு விடுதிகள். இந்தப் பக்கத்தில் நெல் சாகுபடியைப் பரப்பியவர்கள் அரபு மக்கள். 1238-ல் வலென்ஸியாவில் அவர்கள் ஆட்சி முடிந்தது. ராஜ்யம் போயிற்றே தவிர அரிசி போகவில்லை!

கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து, "பாயேயா" என்றேன். சிப்பந்தி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னொருவர் எங்கே?"

"நான் ஒருவன்தான்."

"மன்னிக்க வேண்டும். இரண்டு பேருக்குக் குறைந்து நாங்கள் செய்வதில்லை."

பாயேயா என்பது உண்மையில் பாத்திரத்தின் பெயர். இரு பக்கமும் கைப்பிடி வைத்த, அகலமான, ஆழமில்லாத சட்டி. அதில் சமைக்கும் சோற்றுக்கும் அதே பெயர் வந்துவிட்டது. வழக்கமாகக் கோழியும் முயலும் போடுவார்கள். நான் காய்கறி மட்டும் போட்டு, இரண்டு பேருக்கே கொண்டுவரச் சொன்னேன். சிப்பந்தி தட்டு இரண்டு, கரண்டி இரண்டு வைத்துவிட்டுப் போனார். ஒன்றை எடுத்துவிடச் சொல்ல நினைத்தேன், ஏனோ சொல்லவில்லை.

என் இடத்திலிருந்து அடுப்பு தெரிந்தது. சமையற்காரர் ஆலிவ் எண்ணெயில் அவரைக்காயை வதக்கி, தக்காளி சேர்த்து, தண்ணீர் விட்டு, குங்குமப்பூ போட்டார். கொதித்ததும் அரிசியைப் பரப்பினார். அதற்குப் பிறகு கரண்டியே போடவில்லை. அரிசியைக் கிளறக் கூடாதாம்! கடைசியில் தீயைத் தூண்டினார். சட்டியில் படபடவென்று சத்தம்.

"ஐயையோ, அடிப்பிடிக்கிறதே!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

சிப்பந்தி சிரித்தார். "அதுதான் ஸொக்காராத். அடியில் பிடிக்கும் காந்தல். அதற்காக எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும்" என்றார்.

எங்கள் வீட்டில் அந்தச் சண்டை நடந்ததே இல்லை. காந்தல் அம்மாவுடையது. குழந்தைகள் நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அம்மா வெண்கலப் பானையைச் சுரண்டி, மோர் விட்டுப் பிசைந்து சாப்பிடுவாள். கேட்டால், "எனக்குக் காந்தல்தான்டா பிடிக்கும்" என்பாள். நான் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

அம்மா காலமான பிறகு ஒரு நாள் அக்கா சொன்னாள்: "பைத்தியக்காரா! மாசக் கடைசியிலே பானையிலே வேறே என்னடா இருந்தது?"

சட்டி மேஜைக்கு வந்தது. மேல் சோற்றை ஒதுக்கிவிட்டு அடியைச் சுரண்டி வாயில் போட்டேன். மொறுமொறுவென்று, லேசான புகை மணத்தோடு, பிரமாதமாக இருந்தது! 'அம்மா சொன்னது நிஜமாகவே இருந்திருக்குமோ?' என்று ஒரு கணம் மனம் துள்ளிற்று.

ஆனால் என்னை நானே ஏமாற்றிக்கொள்ளலாமா? இது எண்ணெயும் குங்குமப்பூவும் ஏறிய காந்தல். ஆசையாகக் கேட்டு வாங்கியது. அம்மாவுடையது வெறும் தண்ணீரில் வெந்த சோறு கருகியது. அதுவும் மற்றவர்கள் தின்று மிஞ்சியது.

மஞ்சள்மஞ்சளாக வெந்திருந்த மேல் சோற்றில் ஒரு கரண்டி எடுத்து எதிர்த் தட்டில் வைத்தேன். தட்டுகளை எடுக்க வந்த சிப்பந்தி அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், என் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

நேயர்களே, உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? இன்று ராத்திரி, அவர் உட்காரும்போது, பானையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.