மூன்று துண்டில் ஒரு படம்

லயத்து வீட்டில் இருந்தபோது நமக்கு விளையாட்டு அறை ஏது? திடல் இருந்தது, வாசலில் ஒரு கேரம் பலகை இருந்தது. பட்டணத்து வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த பிறகுதான் நம்மில் பலர் பின்னறையைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். வெளியே சுற்றாமல் கண்முன்னே இருக்கிறார்களே என்ற நிம்மதி நமக்கு!

அந்த அறைச் சுவருக்கென்று கித்தான் துணியில் அச்சடித்த படங்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரே படத்தை மூன்றாக, ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனி மரச்சட்டத்தில் இழுத்து அடித்திருப்பார்கள். சிறிது இடைவெளி விட்டு மாட்டினால் ஒரே படமாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் மகன் ஐந்து துண்டில் பந்தயக் கார் வேண்டும் என்றான். மகள், நம் நாட்டு ரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்த கோல்காவலர் ஆர். ஆறுமுகம் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் படத்தைக் கேட்டாள். 1988-இல் மறைந்தவரை இந்தக் காலத்துப் பெண் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமைதான். காரையோ, கை நீட்டிப் பாயும் உருவத்தையோ துண்டு போட்டால் கெட்டுப்போகாது. முகத்தில் வெட்டு விழுந்தால்தான் பார்க்கச் சகிக்காது.

என் மனத்தில் இருந்ததோ முகங்கள் நிறைந்த படம். அப்பா ஆடிய தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் படம் அது. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், முன்னால் ஐவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தோட்டம் இன்று இல்லை. திடல் இருந்த இடத்தில் கடைவீடுகள் நிற்கின்றன.

அச்சகத்துத் தம்பி கணினியில் படத்தை மூன்று சம பாகமாகப் பிரித்துக் காட்டினார். ஒரு கோடு, முன்வரிசையில் இரண்டாவதாக இருப்பவரின் கன்னத்தில் விழுந்தது. அந்தப் பதினொருவரில் இன்று உயிரோடிருப்பவர் அவர் ஒருவர்தான். தீபாவளிக்குத் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். தம் முகம் இரண்டாகப் பிளந்து தொங்குவதை அந்தப் பெரியவர் பார்க்கலாமா, நீங்களே சொல்லுங்கள்!

துண்டுகள் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஓரத் துண்டுகளை ஏழு ஏழு அங்குலமாகவும் நடுத்துண்டை 22 அங்குலமாகவும் மாற்றச் சொன்னேன். கோடுகள் இரண்டும் ஆட்களுக்கு இடையே விழுந்தன. இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் பக்கவாட்டில் மடிப்பதற்கென்று ஒவ்வொரு ஓரத்திலும் ஒன்றரை அங்குலம் போல எடுத்துக்கொள்வார்கள். மடிப்புக்குத் தனி நிறம் கொடுக்கச் சொல்லாவிட்டால், வெட்டுக்குத் தப்பிய முகம் மடிப்பில் மாட்டிக்கொள்ளும்.

பழைய படத்தைப் பெரிதாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆறு அங்குல அகலப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியாக வருடி எடுத்தால் 3,600 புள்ளி. அச்சில் அங்குலத்துக்கு 100 புள்ளியாவது வேண்டும் என்றால், மூன்றடிதான் கணக்கு. அதற்கு மேல் போனால் அப்பாவின் மீசை கலங்கிவிடும். இடைவெளி இரண்டிரண்டு அங்குலம் சேர்த்து மொத்தம் 40 அங்குலம். கீழே கிடக்கும் ஐந்தடி பெஞ்சில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த அளவு கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும்.

ஆணி அடிக்குமுன், நாளிதழைத் துண்டுகளின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். கேரம் ஆடுகிறவர்கள் உட்கார்ந்தே இருப்பதால் வரவேற்பறைப் படத்தைவிடச் சற்றுத் தாழ்வாக மாட்டலாம். குளியலறையை ஒட்டிய சுவரும் மழைச்சாரல் அடிக்கும் சுவரும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் துணி பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்தின் பின் மூலைகளில் சிறு ரப்பர் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும். (ரப்பரைப் பற்றி நமக்கா சொல்ல வேண்டும்!) நேர் வெயிலும் ஆகாது, சாயம் வெளுத்துவிடும்.

மகள் கேட்ட ஆறுமுகம் படம் அவள் பிறந்தநாளுக்கு வரும். மகனுக்கு எதிர்ச்சுவர் காலியாகத்தான் இருக்கிறது. ஐந்து துண்டுக் காரை அங்கே மாட்டிக்கொள்ளட்டும். பாதி விலை அவன் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் என்று பேசி முடித்திருக்கிறோம்.