இரைச்சல் யாருடையது?

என் மேசையில் ஒரு அம்பிளிபயர் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு, பத்திரிகைப் பணி முடிந்து வந்த இரவுகளில், சுன்னாகத்து வீட்டின் விறாந்தையில் இருந்து நானே செய்தது. பிஸ்கற் தகரம் ஒன்றே அதன் பெட்டி. உள்ளே 12 வோல்ற் ட்ரான்ஸ்போமர், நான்கு டயோட்டுகள், 2200 மைக்ரோபரட் கண்டென்சர் ஒன்று, கார் வானொலிகளுக்கென்று வந்த ரீ.டி.ஏ. 2003 என்னும் ஐந்து கால் சில்லு. எமது பாடப்புத்தகங்கள் இவற்றை நிலைமாற்றி, இருவாயி, கொள்ளளவி என்றுதான் சொல்லும். அந்தப் பெயர்களைச் சொல்லிக் கடையில் கேட்டால் முதலாளி நம்மை விஞ்ஞான ஆசிரியர் என்று எண்ணிக்கொள்வார்.

அந்த அம்பிளிபயரில் நீண்ட காலமாக ஓர் இரைச்சல் இருந்தது. தேன்கூட்டுக்குள் காதை வைத்தாற்போன்ற தாழ்ந்த ரீங்காரம். பாட்டுக் கேட்கும்போது அது பெரிதாகத் தெரியாது. ஆனால் என்னிடம் உள்ள ஓர் ஒலிநாடாவைப் போடும்போது மட்டும் அது நெஞ்சை அறுக்கும். அந்த ஒலிநாடாவில் இருப்பது என் அம்மாவின் குரல்.

1993இல் சுன்னாகம் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத எண்ணி, அம்மாவைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். சிறுமியாக இருந்தபோது தன் தகப்பனோடு வாழைக்குலை ஏற்றிய மாட்டுவண்டியில் சந்தைக்குப் போன கதையை அவர் சொன்னார். கட்டுரை வெளிவரவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அந்த நாடா என் துணிப்பையில் வந்தது. அம்பிளிபயர் வீட்டிலேயே கிடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அதுவும் இருந்தது. கூரைதான் பாதி இல்லை. அம்மா 1999இல் காலமானார்.

இரைச்சல் நாடாவில்தான் இருக்கிறது என்று நான் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்பியிருந்தேன். பழைய நாடா, இடப்பெயர்வின் வெயிலும் மழையும் கண்டது, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு செய்தியை இரண்டு இடத்தில் விசாரிக்காமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்று இளையவர்களுக்குப் பாடம் நடத்திய ஒருவன், நாடாவைக் கழற்றிவிட்டு அம்பிளிபயரை மட்டும் போட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது நினைவிருக்கும். அப்படியோர் இரவில், பொழுது போகாமல், அம்பிளிபயரை ஒரு 12 வோல்ற் பற்றரியில் கொழுவினேன். அந்தச் சில்லைத் தேர்ந்ததே அதற்காகத்தான். நாடாக் கருவி எப்போதும் சிறிய பற்றரிகளில் ஓடுவது. அம்மா பேசினார். இரைச்சல் இல்லை. அறவே இல்லை.

அப்போதுதான் மூளையில் உறைத்தது. 1990 நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. ஊரிலேயே மின் நிலையம் இருந்தும் சுன்னாகம் இருண்டு கிடந்தது. 1993இல் அம்மாவைப் பதிவு செய்தபோது எங்கள் வீட்டுக் கம்பிகளில் மின்சாரமே இல்லை. இல்லாத மின்சாரத்தின் ரீங்காரம் நாடாவில் எப்படி ஏறும்?

அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்குச் சைக்கிள் டைனமோவை நினைவூட்ட வேண்டியதில்லை. உலர் பற்றரிகளுக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுழற்றி, பி.பி.சி. தமிழோசை கேட்டோம். டைனமோ தருவது முன்னும் பின்னும் மாறும் மின்னோட்டம். டயோட்டால் அதை ஒரு வழிப்படுத்திய பிறகும் வானொலி உறுமும். பெடலை வேகமாகச் சுற்றினால் உறுமலின் சுருதி ஏறும். கை சோர்ந்தால் இறங்கும். பழுதான வானொலியொன்றிலிருந்து கழற்றிய கண்டென்சரைக் குறுக்கே வைத்ததும் உறுமல் அடங்கியது. அந்தப் பாடத்தைச் செய்து படித்தவன்தான் பிறகு மறந்துபோனேன்.

அம்பிளிபயர் ஒலியை உண்டாக்குவதில்லை. வழங்கியிலிருந்து வரும் மின்சாரத்தை, குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஒலிபெருக்கிக்குத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. எங்கள் தோட்டத்துத் துலாவை எண்ணிப் பாருங்கள். பட்டையில் நீர் விட்டு விட்டுத்தான் வரும். அது தொட்டியில் விழுந்து, தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குப் போனால் ஓட்டம் சீராகும். நமது மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. நான்கு டயோட்டுகளைத் தாண்டும்போது நொடிக்கு 100 பட்டை. கண்டென்சர்தான் தொட்டி. என் தொட்டி வற்றியிருந்தது. இவ்வகைக் கண்டென்சருக்குள் இருக்கும் ஈரம் வெப்பத்திலும் ஆண்டுகளிலும் உலர்ந்துவிடும். முப்பத்தாறு ஆண்டு அதற்கு மிக அதிகம்.

புதிய 2200 போட்டதும் பெரும்பகுதி அடங்கியது. ஆசை விடவில்லை. கணக்கு எளிது: ஒரு அம்பியர் இழுக்கும்போது 2200 மைக்ரோபரட்டில் ஏறத்தாழ நாலரை வோல்ற் அலைவு இருக்கும், 10,000இல் அது ஒரு வோல்ற்றாகும். 10,000 போட்டேன். ரீங்காரம் போய், சருகில் பூச்சி ஊர்வது போன்ற ஒரு மெல்லிய சரசரப்பு எஞ்சியது. அதை ஒழிக்க 7812 என்னும் சீர்படுத்தி வாங்கினேன். மெல்லிய குரலுக்குப் பரவாயில்லை. குரல் ஓங்கும் இடங்களில் கரகரத்தது. காரணம் தேட இரண்டு மாலைகள் ஆயின. அந்தச் சீர்படுத்தி 12 வோல்ற் கொடுப்பதற்கு, உள்ளே 14க்கு மேல் எப்போதும் இருக்கவேண்டும். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும்போது எங்கள் 230 வோல்ற் 210க்கு இறங்கிவிடும். அலைவின் பள்ளங்களில் 14 இல்லை. 15 வோல்ற் ட்ரான்ஸ்போமர் மாற்றி, சூடேறும் சீர்படுத்திக்கு ஓர் அலுமினியத் தகட்டையும் பொருத்திய பிறகு கரகரப்பு நின்றது.

சரசரப்பு நிற்கவில்லை.

வாங்கிய பொருளெல்லாம் தோற்ற இடத்தில், ஒரு சாண் கம்பி வென்றது. டயோட்டுகளிலிருந்து கண்டென்சருக்கு மின்னோட்டம் ஒழுகிச் செல்வதில்லை. நொடிக்கு நூறு தடவை குத்துக் குத்தாகப் பாய்கிறது. அது திரும்பும் கம்பியின் நடுவில்தான், நாடாக் கருவியிலிருந்து வரும் கம்பியின் நிலத்தொடுப்பை 1986இல் நான் பற்றவைத்திருந்தேன். ஒவ்வொரு குத்தும் அம்மாவின் குரலோடு சேர்ந்து சில்லுக்குள் போயிருக்கிறது. அதைக் கழற்றி, சில்லின் நிலக் கால் பற்றவைத்திருக்கும் முனையிலேயே சேர்த்துப் பற்றவைத்தேன். செலவு ஒரு துளி ஈயம். இப்படிச் செய்ய விரும்புகிறவர்கள் கடைக்குப் போகுமுன் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பார்க்கட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பற்றரியில் கேட்ட இரவில், மின்தடையின் புழுக்கத்தில், அயலில் ஒரு ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் வேலை முடிந்த பின், அயல் அடங்கிய நள்ளிரவில், மறுபடி நாடாவைப் போட்டேன். வண்டி மருதனார்மடம் தாண்டி வரும் இடத்தில் அம்மா திடீரென நிறுத்துவார். ஐந்தாறு நொடி பேச்சிருக்காது. பிறகு, "என்ன சொன்னனான்?" என்று கேட்டுத் தொடர்வார். வயதின் மறதி என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தங்கை அதைச் சொல்லிச் சிரித்ததும் உண்டு. நாடாக் கருவியின் உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலிகள் வருவதில்லை. பெரிய ஒலிபெருக்கியிலோ அவற்றின் மேல் ரீங்காரம் படுத்திருந்தது.

இப்போது கேட்கிறது. அவர் நிறுத்துவதற்கு ஒரு கணம் முன், வடக்கே பலாலிப் பக்கமிருந்து ஒரு தாழ்ந்த முழக்கம். பிறகு இன்னொன்று, சற்றுக் கிட்ட. அம்மா மறக்கவில்லை. மூன்றாவது எங்கே விழப்போகிறது என்று காத்திருந்திருக்கிறார். அது விழவில்லை. "என்ன சொன்னனான்?" என்கிறார்.