ஒருவேளைச் சோறு

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர்ப் பகுதியில் வானம் பார்த்த நிலங்களை நம்பி வாழும் குடும்பங்கள் பல. மழை பொய்த்தால் தாயும் தந்தையும் கூலி வேலை தேடி வெளியூர் செல்வர். கேழ்வரகுக் களியைப் பேரப்பிள்ளைகளுக்குப் பகிர்ந்துவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்பாள் பாட்டி. தம்பியை இடுப்பில் சுமக்கும் அக்காள் பள்ளியை மறப்பாள். வறுமை இவ்வாறு ஒரு சிறுமியின் இளமையையே விழுங்கிவிடும்.

1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, பசித்த சிறுவரைப் பள்ளிக்கு அழைத்தது. ஆயினும், தம்பியைச் சுமந்தவள் வாயிலிலேயே நின்றாள். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்த சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கும் சோறிட்டது. தம்பிக்கு அமர ஓர் இடம் கிடைத்தது. அக்காளின் கைகள் புத்தகம் ஏந்தின.

மாணவர்களே, உடன் உண்ணும் தோழரின் தட்டை இகழாதீர்கள். ஒரு குடும்பம் தலைநிமிரும் வழி அதில் உள்ளது.